அலாய் வீல் கழுவும் செட்டு: மூன்று வருஷம் பயன்படுத்தியபின்

தம்பி போன வாரம் புது கார் எடுத்தான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே போன். "ஏங்ண்ணா, வீல் கழுவறதுக்கு நீங்க ஒரு செட்டு வெச்சிருக்கீங்கல்ல, அதையே நானும் ஆர்டர் போட்டுடட்டுங்களா?" சட்டென்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த செட்டில் இருப்பது இரண்டே பொருள்: ஒரு பாட்டில், ஒரு நீள பிரஷ். பாட்டிலுக்குக் கோயில் கட்டலாம். பிரஷ்ஷை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலில் பாட்டில். அயர்ன் ரிமூவர் என்று கேட்டால் கிடைக்கும். என் காரில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பின் வீல் மாதக்கணக்கில் சுத்தமாகவே இருக்கும். முன் வீல் மட்டும் பத்து நாளில் காப்பிப்பொடி தூவினது போல ஆகிவிடும். அது ரோட்டுப் புழுதி இல்லை. பிரேக் பிடிக்கப் பிடிக்க டிஸ்க்கும் அதை அழுத்தும் பேடும் தேய்ந்து, இரும்புத் துகள் சூட்டோடு தெறித்து வீல் மேல் பதிகிறது. ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகும் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

இந்த மருந்தை அடித்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் போல்ட் குழியைச் சுற்றி லேசாக ஊதா நிறம் கிளம்பி, ஸ்போக் வழியாக நாவல்பழச் சாறு போல வழியும். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்பைப் பிடித்துக் கரைக்கிறது, அந்த நிறம்தான் அது. தேய்க்கவே தேவையில்லை, தண்ணீர் அடித்தால் போதும். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அலுக்காத காட்சி எனக்கு. வாடை மட்டும் கொடுமை. முடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யும் பார்லர் வாடையோடு அழுகின முட்டையைச் சேர்த்தது போல இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும்.

இனி பிரஷ். என் வீல் டயமண்ட் கட். லேத்தில் சீவிய அலுமினியம், அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த பிரஷ்ஷின் முடி மென்மைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுத்தண்டு முறுக்கின கம்பி. நுனியில் ஒரு சின்ன ரப்பர் மூடி. ஒன்றரை வருஷத்தில் அந்த மூடி எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஸ்போக் சந்துக்குள் விட்டு விட்டு எடுத்த ஒவ்வொரு தடவையும் கம்பி நுனி கோடு போட்டிருக்கிறது. ஒரு நாள் காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது: இடது முன் வீலில், நகத்தால் கிழித்தது போல நாலு கோடு. நகத்தை வைத்தால் மாட்டுகிறது.

வீல் ரிப்பேர் செய்பவரிடம் காட்டினேன். பாலிஷில் போகாது, பழைய கிளியர் கோட்டை எடுத்துவிட்டு மறுபடி லேத்தில் ஏற்றிச் சீவி, புதுசாகக் கிளியர் கோட் அடிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் குறைகிறது. நான் செய்யவில்லை. அப்படியே விட்டால் கோடு வழியாகத் தண்ணீர் இறங்கி, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல அரிக்கும் என்றும் சொன்னார். அதிலிருந்து மழை பெய்தால் எனக்கு அந்த நாலு கோடுதான் ஞாபகம் வருகிறது. பத்துப் பைசா பெறாத ரப்பர் மூடியை ஒழுங்காக ஒட்டத் தெரியாதவர்கள் எதற்கு வீலுக்கென்று பிரஷ் செய்ய வேண்டும்?

இப்போது நான் கழுவும் விதம் வேறு. வீல் ஆறியிருக்க வேண்டும், கை வைத்தால் சில்லென்று இருக்கணும். எதையும் தொடுவதற்கு முன்னால் தண்ணீரை வேகமாக அடித்து மணலை இறக்கிவிடுவேன். கீறல் போடுவது பெரும்பாலும் துணி இல்லை, துணிக்கும் வீலுக்கும் நடுவே மாட்டின மணல். அப்புறம் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை. சந்துக்குள் விரலில் துணியைச் சுற்றி விடுவேன். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி, அது பாடி மேல் படவே கூடாது. மருந்து மாதம் ஒரு தடவை போதும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் சுத்த உப்பு, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதனால் கடைசியாக வீலுக்கு ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் ஊற்றி உடனே துடைத்துவிடுவேன். நல்ல தண்ணியை இப்படி ஊற்றுகிறேனே என்று அம்மா திட்டுவார்கள், அது நியாயம்தான்.

ஆகவே தம்பி, அந்த செட்டை வாங்காதே. மருந்து அருமை, நானே அடுத்த மாதம் இன்னொரு பாட்டில் வாங்கப் போகிறேன். ஆனாலும் அந்த செட்டு உன் வீட்டுக்குள் வர வேண்டாம். வாட்டர் வாஷ் கடையில் விட்டாலும் வீலுக்கு ஆசிட் போடாதீங்க என்று முதலிலேயே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வண்டியை இங்கே கொண்டு வா, முதல் தடவை நான் கழுவிக் காட்டுகிறேன். முடிந்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றி நாலு தடவை பிரேக் மிதித்து வா, டிஸ்க் காய்ந்துவிடும்.