கொசு மருந்து அடிக்கும் சேவை: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

வீட்டுக்கே வந்து கொசு மருந்து அடிக்கும் சேவை இது. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், முகமூடியும் கையுறையும் போட்டிருந்தார்கள். என்ன மருந்து என்று கேட்டதும் அந்தப் பையன் டப்பாவையே திருப்பிக் காட்டினான்: டெல்டாமெத்ரின். அதற்கு ஒரு நட்சத்திரம்.

"ஒன்றும் செய்யாது அக்கா" என்றானே, அதுதான் சரியில்லை. டெல்டாமெத்ரின், பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. சொன்ன அளவில் அடித்தால் மனிதர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் மீனுக்கும் தேனீக்கும் கடும் விஷம். மீன்தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டியது அவர்கள். செய்தது நான். பூத்திருந்த செடிகள் பக்கம் போகாமல் தடுத்ததும் நான்தான்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம், அதற்கு இன்னொரு நட்சத்திரம். அப்புறம் கொசு திரும்பி வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? இப்படி அடிக்கும் மருந்து வளர்ந்த கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவை விட்டுவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ், முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். பூந்தொட்டித் தட்டையோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையோ இவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புழுவை மட்டும் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லையாம்!

கூப்பிடுவதானால், மருந்து காய்ந்து, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே குழந்தைகளை உள்ளே விடுங்கள். பூனை இருந்தால் இன்னும் கவனம்.