இருமுனைக் குரோஷா ஊசி: இரண்டு பக்கமும் முகமான துணி

இருமுனைக் குரோஷா ஊசி என்று கேட்டால் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கடைக்காரர்கள் எடுத்து வைப்பது பெரும்பாலும் வேறொரு பொருள். சாண் நீளத்துக்கும் குறைவான அலுமினிய ஊசி; ஒரு முனையில் ஒரு அளவு, மறுமுனையில் இன்னொரு அளவு, நடுவில் கட்டைவிரல் வைக்கத் தட்டையான பிடி. இரண்டு ஊசிகளை ஒன்றாக்கிய சிக்கன ஏற்பாடு அது, அவ்வளவுதான். இருபக்கத் துணி பின்னுவதற்கு அது உதவாது. அதற்கு வேண்டிய ஊசியில் இரண்டு கொக்கிகளும் ஒரே அளவாகவும், நடுத்தண்டு மேடுபள்ளம் இல்லாமல் ஒரே பருமனாகவும் இருக்க வேண்டும்; ஏனென்றால் பின்னப்படும் கண்ணிகள் அனைத்தும் அந்தத் தண்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இணையத்தில் வாங்குவோரும் படத்தை மட்டும் நம்பாமல் இரு முனைகளின் மில்லிமீட்டர் அளவையும் பார்த்து வாங்குவது நல்லது. நான் இணையத்தில் 6.5 மில்லிமீட்டரில் மூங்கில் ஒன்றும் அலுமினியம் ஒன்றுமாக வரவழைத்து, இரண்டிலும் பின்னிப் பார்த்தேன்.

கண்ணிகளை ஊசியிலேயே வரிசையாக நிறுத்திக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரும் டுனீசியக் குரோஷா தெரிந்தவர்களுக்கு இந்த முறை பிடிபட அதிக நேரம் ஆகாது. முதல் நிறத்தில் சங்கிலி போட்டு, ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் ஒரு கண்ணி எடுத்து, எதையும் முடிக்காமல் ஊசியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு வேலையைத் திருப்பி, கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, இரண்டாம் நிற நூலை முதல் கண்ணியின் வழியாக மட்டும் இழுத்து, அதன்பின் இரண்டிரண்டு கண்ணிகளாக இழுத்து, ஊசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும் வரை முடித்துக்கொண்டு வர வேண்டும். இங்கே திருப்பக் கூடாது. அதே நிறத்தில், கீழ் வரிசையில் நெட்டுக்குத்தாக நிற்கும் இழைகளிலிருந்து மறுபடியும் கண்ணிகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் திருப்புவது. அந்தப் பக்கத்தில் முதல் நிற நூல் காத்துக்கொண்டிருக்கும். முடிப்பதும் எடுப்பதும் ஒரே நிறம், திருப்பியதும் மறுநிறம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வேறு கணக்கு வேண்டாம்.

பலன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கரும்பச்சையும் மாம்பழ மஞ்சளும் சேர்த்து நான் பின்னிய துணியில் ஒரு முகம் பச்சையாகவும் மறுமுகம் மஞ்சளாகவும் அமைந்து, வரிசைகளின் இடுக்கில் மட்டும் மறுநிறம் மெல்லிய கீற்றாக எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டு ஆச்சி அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நல்ல பக்கம் எதுளா?" என்று கேட்டார்கள். சாதாரண டுனீசியப் பின்னலைப் படுக்கவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும் தொல்லை உண்டு. இதில் இரு முகங்களும் ஒரே அமைப்பில் இருப்பதால் துணி தட்டையாகக் கிடக்கிறது. கனமாக இருந்தாலும் விறைப்பு இல்லை, இழுத்தால் கொடுத்து மீள்கிறது. ஒரு நிறத்தை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அவ்வப்போது மாற்றினால் ஒரு முகம் தனி நிறமாகவும் மறுமுகம் கோடு கோடாகவும் வரும். எனக்கு அதுவே அதிகம் பிடித்தது.

இரண்டு ஊசிகளில் எதை வாங்கலாம் என்றால், பழகுவதற்கு மூங்கில், வேகத்துக்கு அலுமினியம் என்பேன். அலுமினியத் தண்டில் கண்ணிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். இரு முனைகளும் திறந்தே இருப்பதால், கவனம் தவறினால் மறுமுனை வழியாக நாலைந்து கண்ணிகள் கழன்றுவிடும். அந்த முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் போதும். மூங்கிலில் அந்தப் பயம் இல்லை, ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் கை வியர்க்கும்போது கண்ணிகள் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன. எனக்கு வந்த மூங்கில் ஊசியின் ஒரு கொக்கிக்கு அடியில் சிலும்பு இருந்து நூலை இழுத்துக்கொண்டே இருந்தது. நைசான உப்புத்தாளால் தேய்த்து மெழுகு பூசியபின் சரியாயிற்று என்றாலும், அந்த விலைக்கு இந்த வேலையை வாங்குபவர் தலையில் கட்டியிருக்க வேண்டாம்.

இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா தொடங்கிவைத்த, திண்டின் மேல் வைத்து நூலைப் பின்னும் திண்டு லேஸ் வழிவந்த கைகளும், மேசைவிரிப்புக்கு மெல்லிய எஃகு ஊசியில் குரோஷா போட்ட கைகளும் இந்தப் பகுதியில் இன்னும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தடித்த கோல் முதலில் உலக்கை பிடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் ஊசி தடிமனாக இருந்தே ஆக வேண்டும்: வழக்கமாக 4 மில்லிமீட்டர் ஊசி கேட்கும் நூலுக்கு இங்கே 6 அல்லது 6.5 எடுத்தால்தான் துணி அட்டையாகாமல் மென்மையாக வரும். நூலும் கூடுதலாகச் செலவாகும். இரண்டு நூல்களும் முறுக்கிக்கொள்ளாதிருக்க, ஒரு தடவை வலப்பக்கமாகவும் அடுத்த தடவை இடப்பக்கமாகவும் திருப்புவது உத்தமம்.

நம் வெயிலுக்கு இதில் போர்வை பின்னுவது வீண் என்பது என் எண்ணம். 14 அங்குலக் கோலில் அவ்வளவு அகலம் தாங்காது, அதற்கு நடுவில் வளையும் கேபிள் வைத்த ஊசி வேண்டும். பாத்திரம் இறக்கும் பிடிதுணி, மேசையில் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பு, குளிக்கத் தேய்க்கும் துணி ஆகியவற்றுக்கே இது பொருத்தம். பிடிதுணிக்குப் பருத்தி நூலைத்தான் எடுக்க வேண்டும். கடைகளில் 'உல்லன்' என்று சொல்லித் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அடுப்புச் சூட்டில் அது உருகிக் கையைச் சுட்டுவிடும். பருத்தியில் பின்னியதைத் துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடுகிறது. மொட்டைமாடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் படுக்கவைத்து உலர்த்தினால் அளவு மாறுவதில்லை.