காசநோய்க் கிருமியின் ஜீனோம்: எந்த பிரவுசரில் திறப்பது?

காசநோய்க் கிருமியின் எச்37ஆர்வி வகைக்கு முழு ஜீனோம், அதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகளின் மொத்த வரிசை, வெளியான ஆண்டு 1998. 44 லட்சத்துச் சொச்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,000 ஜீன்கள். இணையத்தில் இதைப் புரட்டிப் பார்க்க ஜீனோம் பிரவுசர் எனும் இலவசக் கருவிகள் பல உண்டு. நான் மாறி மாறித் திறக்கும் மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ரிஃபாம்பிசின் எனும் காசநோய் மருந்தைப் பலிக்கவிடாமல் செய்யும் பேர்பெற்ற ஓர் எழுத்து மாற்றம், ஆர்பிஓபி ஜீனில் எங்கே இருக்கிறது?

மைக்கோபிரவுசர் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கென்றே உள்ளது. ஜீன் பெயரைத் தட்டினால் ஆர்வி0667 (அதே ஜீனின் வரிசை எண்) பக்கம் திறக்கிறது: என்ன வேலை, எந்தப் பிரிவு, இந்த ஜீன் இல்லாமல் கிருமி பிழைக்குமா, எல்லாம் ஒரே இடத்தில். படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் குறிப்பிட்ட எழுத்தைத் தேட எனக்கு அது வசதிப்படவில்லை.

அதற்கு என்சிபிஐ, அமெரிக்க அரசின் உயிரித்தகவல் மையத் தளம். முதல் தடவை திறப்பவருக்குக் கண்ணைக் கட்டும், அவ்வளவு பட்டைகள், பொத்தான்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தேடுமிடத்தில், ஜீனோமில் அந்த எழுத்தின் இட எண்ணான 761155-ஐக் கொடுத்து, எழுத்துகள் தெரியும்வரை பெரிதாக்கினால் டி-சி-ஜி என்ற மூன்றெழுத்து வரும். கீழே அது குறிக்கும் அமினோ அமிலம், செரின். நடுவிலுள்ள சி, டி ஆகிவிட்டால் செரின் போய் லியூசின், மருந்து ஒட்டாது. ஒரு வில்லங்கம்: பழைய கட்டுரைகள் இந்தச் செரினைப் புரதத்தில் 531-ஆம் இடம் என்று சொல்லும். அது ஈ.கோலை கிருமியின் கணக்கு. இங்கே அது 450. இது தெரியாமல் 531-க்குப் போய் அரை நாள் முழித்திருக்கிறேன்.

சரி, உங்கள் கையிலேயே ஒரு நோயாளி மாதிரியின் சீக்வென்ஸ் (படித்தெடுத்த டிஎன்ஏ எழுத்துக் கோப்பு) இருக்கிறதா? அப்போது ஐஜிவி என்ற ஜீனோம் பிரவுசரின் இணைய வடிவம். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, மருத்துவத் தரவுக்கு இது பெரிய நிம்மதி. ஜீன் பெயர்கள் வேண்டுமென்றால் அவை உள்ள கோப்பையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அப்புறம் ஒன்று. இந்த ஜீனோம் ஒரு வளையம். ஐஜிவியும் என்சிபிஐயும் அதை வெட்டி நேர்கோடாக நீட்டிவிடுகின்றன. முதல் எழுத்தில் தொடங்கும் டிஎன்ஏஏ ஜீனுக்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். அதன் பக்கத்து வீட்டு ஜீனான ஆர்பிஎம்எச், 44 லட்சம் எழுத்து தள்ளி வலக்கோடியில் உட்கார்ந்திருக்கும்.