பள்ளத்தாக்குகளைப் பிளக்க எந்தக் காந்தம்?

டங்ஸ்டன் டைசெலினைடு போன்ற ஓரடுக்குக் குறைகடத்தியின் ஆற்றல் பட்டையில் கே, கே-பிரைம் என்று இரண்டு பள்ளத்தாக்குகள், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் ஆற்றல் தாழ்விடங்கள், உண்டு. வலச்சுழல் ஒளி ஒன்றைத் தூண்டும், இடச்சுழல் ஒளி மற்றதை. நேரத் திருப்புச் சமச்சீரால் (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாத தன்மை) இரண்டின் ஆற்றலும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஆற்றல்களைப் பிரிக்கக் காந்தம் வேண்டும்.

எளிய வழி, வெளியிலிருந்து செங்குத்தாகக் காந்தப்புலம் தருவது. டெஸ்லாவுக்குச் சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவு. 9 டெஸ்லா கொடுத்தாலும் 2-தான் கிடைக்கும். போரான் நைட்ரைடுக்குள் பொதித்த மாதிரியிலேயே எக்ஸிட்டான் (எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த இணை) தரும் ஒளிக்கோடு சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலம். வெறும் சிலிக்கான் ஆக்சைடு மேல் வைத்தால் இன்னும் பெருத்துவிடும், பிளவைப் பொருத்திப் பார்த்துத்தான் எடுக்க முடியும். இன்னொரு தொல்லை: புலத்துக்குள் இருக்கும் லென்ஸே நேர்கோட்டு முனைவாக்கத்தைச் சுழற்றிவிடும். கால் அலைத் தகட்டை லென்ஸுக்கு நேர் மேலே வைத்து, ஒளியை வட்டமாக்கிய பிறகே உள்ளே அனுப்புங்கள். வட்ட ஒளியை அந்தச் சுழற்சி கெடுக்காது.

அடுத்தது, ஓரடுக்கைத் தொட்டபடி யூரோப்பியம் சல்ஃபைடு என்ற காந்தப் படலத்தை வைப்பது. 2017-இல் டங்ஸ்டன் டைசெலினைடில் 1 டெஸ்லாவில் 2.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 2019-இல் டங்ஸ்டன் டைசல்ஃபைடில் டெஸ்லாவுக்கு 16. இந்த 16-ஐப் பார்த்து அதை 9-ஆல் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு. பிளவு படலத்தின் காந்தமாக்கலைத்தான் பின்தொடர்கிறது. அது நிறைவுற்றதும் இதுவும் நின்றுவிடும், பிறகு பழைய 0.2-தான் கூடிக்கொண்டே போகும். அதோடு இந்தப் படலத்தின் காந்தமாக்கல் தளத்துக்குள் படுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. பள்ளத்தாக்கில் எலக்ட்ரானின் ஸ்பின்னோ (அதன் உள்ளார்ந்த காந்தத் திசை) செங்குத்து. ஆகவே புலத்தை அணைத்தால் பிளவும் பெரும்பாலும் போய்விடும். காந்தத்தன்மை மறையும் கியூரி வெப்பநிலையும் 16 கெல்வின் சுற்றில்தான்.

மூன்றாவது வழியான, குரோமியம் ட்ரைஐயோடைடு என்ற அடுக்குக் காந்தத்தை ஒட்டி வைப்பதுதான் என் தேர்வு. அதன் காந்தமாக்கல் இயல்பிலேயே செங்குத்து. எனவே புலம் சுழியாக இருந்தாலும் டங்ஸ்டன் டைசெலினைடில் சுமார் 3.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவு நிற்கும். வெளியிலிருந்து பத்து டெஸ்லாவுக்கும் மேல் தருவதற்குச் சமம். ஒரு டெஸ்லாவுக்கும் குறைவான புலத்தில் திசையைப் புரட்டவும் முடியும். மற்ற இரண்டாலும் இது ஆகாது.

விலை, செய்முறையில். ஐயோடைடு ஈரக்காற்றில் சில நிமிடங்களில் கரைந்துவிடும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. உரிப்பதும் அடுக்குவதும் காற்றும் ஈரமும் புகாத க்ளவ்பாக்ஸுக்குள் நடக்கட்டும், மைக்ராஸ்கோப் விளக்கைக் குறைத்து வையுங்கள். பாலிகார்பனேட் படலத்தில் மேல் போரான் நைட்ரைடு, டங்ஸ்டன் டைசெலினைடு, 10 நானோமீட்டர் அளவு தடிமனான ஐயோடைடு, கீழ் போரான் நைட்ரைடு என்று வரிசையாக எடுத்து, 180 டிகிரி செல்சியஸ் அருகே உருக்கி இறக்கி, குளோரோஃபார்மில் கழுவுங்கள். ஐயோடைடின் ஓரம் எங்கும் வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் அங்கிருந்தே அரிப்பு உள்ளே ஓடும்.

பிளவைத் தரும் பரிமாற்ற வினை (காந்தத்தின் ஸ்பின்கள் பக்கத்து அடுக்கின் ஸ்பின்களைப் பாதிப்பது) தொடும் அணுக்களோடு முடிந்துவிடும். இடையில் ஒரு குமிழி இருந்தால் அங்கே வெறும் டங்ஸ்டன் டைசெலினைடுதான். கண்டுபிடிப்பது சுலபம்: நன்றாக ஒட்டிய இடத்தில் எலக்ட்ரான்கள் ஐயோடைடுக்குத் தாவுவதால் ஒளிர்வு மங்கும், கோடு அகலமாகும். பளிச்சென்று மெல்லிய கோடு தரும் இடத்தைப் பார்த்து மகிழ வேண்டாம், அது குமிழி. முதலில் ஒளிர்வு வரைபடம் எடுத்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தத் தாவலே ஸ்பின்னைப் பொறுத்தது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வேகம், மற்றதிலிருந்து மெதுவாக. ஆகவே ஒளிர்வின் முனைவாக்கத்தை வைத்துப் பிளவைச் சொல்லக்கூடாது. கோட்டின் இடப்பெயர்ச்சியைத் தனியாக அளக்க வேண்டும். லேசர் திறனும் ஐயோடைடின் காந்த நிலையை அசைக்கும். சில மைக்ரோவாட்டில் அளந்து, பாதித் திறனில் திரும்ப அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஓரடுக்கிலேயே வனேடியம், இரும்பு போன்ற அணுக்களைக் கலந்து அறை வெப்பநிலையிலேயே காந்தமாக்கலாம் என்கிற வழியும் உண்டு. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால், பிளவு அதைத் தாண்டாவிட்டால் பள்ளத்தாக்கு நிரப்பில் பெரிய வித்தியாசம் வராது. கலந்த அணுக்கள் கொத்தாகச் சேர்ந்திருந்தாலும் காந்தமானி அதே காந்தமாக்கல் வளைவைக் காட்டும். எக்ஸிட்டான் கோட்டிலும் அந்த வளைவு தெரிந்தால் மட்டும் ஏற்கலாம். ஐயோடைடுக்கோ சோதனை நேரடியானது: அதன் கியூரி வெப்பநிலையான 61 கெல்வினைத் தாண்டிச் சூடாக்கினால் சுழிப்புலப் பிளவு மறைய வேண்டும். மறையவில்லை என்றால் ஒளியியல் அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.