பன்னிரண்டு வருடக் கொடைகளும் ஒரு நாலு கம்பி பேஸும்

நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. மூன்றாவது பாட்டின் சரணத்தில் என் ஐந்து கம்பி பேஸ் கிடார் முதலில் கரகரத்தது, அப்புறம் மெலிந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. மிக்சரில் உட்கார்ந்திருந்த பையன் மேடைக்கே ஓடி வந்து, "அண்ணாச்சி, உங்க கிடார் செத்துட்டு" என்றான். செத்தது கிடார் இல்லை, அதன் வயிற்றில் இருந்த 9 வோல்ட் பேட்டரி. இப்படி உள்ளே பேட்டரியில் ஓடும் 'ஆக்டிவ்' பேஸில் ஒயர் செருகியிருந்தாலே போதும், வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரையும். முந்தின வாரக் கச்சேரி முடிந்து வந்து ஒயரைப் பிடுங்காமல் மூலையில் சாத்தி வைத்தவன் நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஊரில் எந்தக் கடையைத் தட்டுவது? மீதிப் பாட்டுக்கெல்லாம் கீபோர்டுக்காரரின் இடது கைதான் பேஸ். சம்பளத்தில் குழுத்தலைவர் கைவைக்கவில்லை, பார்வையிலேயே கழித்துக்கொண்டார்.

அது நான் வாங்கிய இரண்டாவது பேஸ். முதலில் வாசித்தது பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சுக்குச் சொந்தமானது. ஞாயிறு ஆராதனைக்கும் அசன விருந்துக்கும் மட்டும் கையில் கிடைக்கும். பிறகு காசு சேர்த்து ஜாஸ் பேஸ் வடிவத்தில் ஒன்று வாங்கினேன். நெக், அதாவது கைபிடிக்கும் கழுத்து, ஒல்லி, கைக்கு அத்தனை சுகம். ஆனால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் அதில் இரண்டு, இரண்டும் ஒற்றைச் சுருள். இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் சத்தம் அடங்கும். ஒன்றைக் குறைத்த உடனே 'ம்ம்ம்' என்று இரைச்சல். கொடை மேடையைச் சுற்றி ஜெனரேட்டர், சீரியல் செட், டியூப் லைட் எல்லாம் இருக்கும், எர்த் மட்டும் இருக்காது. வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடு நிம்மதி. குடத்தின் வாயில் ஒரு அடி, அவ்வளவுதான் அவர்களுக்கு பேஸ்.

2013-இல் நாகர்கோவிலில் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய பேஸ் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிரிசிஷன் பேஸ் வடிவம், நாலு கம்பி, ஒரு வால்யூம், ஒரு டோன், பேட்டரி கிடையாது. கம்பெனிப் பெயர் வேண்டாம், பின்னால் குறையும் சொல்லப்போகிறேன். அமெரிக்க கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த வடிவம் இது. 1957-இல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி ஏற்ற இறக்கமாக வைத்தார்கள். ஒரு பாதி எடுக்கும் இரைச்சலை மறு பாதி எதிராக நின்று அடிக்கிறது. கடையில் வாங்கும்போது இது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியாது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று வாசித்தால் தெரியும்.

ஐந்தாவது கம்பி இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். ஐந்தாவது கம்பியின் அடி சுரம் 31 ஹெர்ட்ஸ் சுமார். நாலு கம்பியின் அடி 41. நம் ஊர்ப் பக்கம் கட்டும் ஸ்பீக்கர் பாக்ஸுகளில் பலவற்றில் அந்த 41-ஏ சரியாக வராது. அதன் மேலே 82, 123 என்று எழும் துணைச் சுரங்களைக் கேட்டு காதுதான் அடியை நிரப்பிக்கொள்கிறது. மரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில், அதாவது கூம்பு ஸ்பீக்கரில், அதுவும் பாதிதான். நடு ஒலி திண்ணென்று வரும் பேஸ்தான் தேர் வீதியின் கடைசி ஆள் வரை போகும். இந்தப் பேஸ் அங்கேதான் வலு. எங்கள் கச்சேரியில் பாதிக்கு மேல் இளையராஜா பாடல்கள். அவற்றில் பேஸ் சும்மா தாளத்தோடு நடக்காது, பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பதில் காதில் விழாவிட்டால் நான் மேடையில் நின்று என்ன பயன்?

சரி, குறைகள். கனம் நாலு கிலோவுக்கு மேல். மூன்று மணி நேரம் தொங்கினால் இடது தோள் மறுநாள் பேசும். நாலு அங்குலப் பட்டை வாங்கிய பிறகு கொஞ்சம் தேவலை. பாடகர் திடீரென்று சுருதியை "அரைக்கட்டை இறக்குங்க" என்றால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கிவிடுவார், எனக்கு அடியில் சுரம் இருக்காது. சில பாட்டுகளுக்கு 'ஈ' கம்பியை 'டி'க்குத் தளர்த்தி வைத்துச் சமாளிக்கிறேன். உவரி, மணப்பாடு கச்சேரி என்றால் உப்புக் காற்றில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகள் துருப்பிடிக்கும். திரும்பி வந்ததும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. குற்றாலச் சாரலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வள்ளியூர் வெயிலுக்கு வந்தால் நெக் வளைவு மாறி, கம்பி நெக்கின் உலோகக் கட்டைகளான பிரெட்டில் உரசும். ஆலன் கீயால் நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு கம்பியைக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் திருகக்கூடாது. மறுநாள் காலையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று.

கம்பி ஒரு செட் விலை அதிகம் என்பதால் முதல் சில வருடங்கள் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்பேன். விரல் அழுக்கெல்லாம் மஞ்சளாக இறங்கும், ஒன்றிரண்டு கச்சேரிக்கு சத்தம் புதுசு போல் வரும். வீட்டில் ரசப் பாத்திரத்தில் கையும் களவுமாக மாட்டியதோடு அந்த வைத்தியம் நின்றது. இப்போது வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி. மூன்று வருடமாக மாற்றவில்லை.

வால்யூம் திருகுக்கு அடியில் இருக்கும் பாட் மட்டும் ஓயாத தொல்லை. இப்போதிருப்பது மூன்றாவது, அதுவும் திருப்பும்போது கரகரக்கிறது. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். சால்டரிங் அயனை இரவல் வாங்கிப் போன டிரம்ஸ்காரர்தான் இன்னும் போனை எடுக்கவில்லை.