சீகேட் பாரகுடா 2 டெராபைட்: பேக்கப்புக்கு சரி, ரெய்டுக்கு வேண்டாம்

எஸ்டி2000டிஎம்008 மாடல் ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம், 256 எம்பி கேஷ். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். தட்டில் படித்து எழுதும் ஹெட் சரியான ட்ராக்குக்கு (வட்டப் பாதைக்கு) போன பிறகும், வேண்டிய செக்டர் (ட்ராக்கின் சிறு துண்டு) அடியில் வந்து சேர சராசரியாக 4.17 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் டிரைவ் இழுப்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஹெட் நகரும் நேரமும்தான் முக்கியக் காரணம். கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஹெட்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு ட்ராக்கிலும் சீரான இடைவெளியில் சர்வோ குறிகள் (ஹெட்டுக்கு இடம் காட்டும் குறிகள்) ஃபேக்டரியிலேயே எழுதப்பட்டிருக்கும். முதலில் ஒரு அடையாளக் குறி, அடுத்து கிரே கோடில் (அடுத்தடுத்த எண்களுக்கு ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் குறியீடு) ட்ராக் எண், கடைசியில் பர்ஸ்ட் சிக்னல்கள். பர்ஸ்ட்களின் அளவை ஒப்பிட்டு ஹெட் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, ஹெட்டை நகர்த்தும் காயிலுக்குப் போகும் கரண்ட்டை டிரைவ் திருத்திக்கொண்டே இருக்கும். ஃபார்மேட் செய்தால் இந்தக் குறிகள் அழியாது. டீகாஸரில் (வலுவான காந்தப்புலத்தால் எல்லாவற்றையும் அழிக்கும் கருவி) வைத்தால் அழியும், டிரைவ் அதோடு குப்பைதான்.

ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிரைவ் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) சீக் எரர் ரேட், அதாவது ஹெட் இடம் மாறும்போது வரும் பிழைக் கணக்கு, கோடிக்கணக்கில் காட்டினால் பதற வேண்டாம். சீகேட்டில் அந்த எண்ணின் கீழ் 32 பிட் வெறும் சீக் எண்ணிக்கை, மேல் 16 பிட்தான் பிழை. அந்த ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது எண் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள்), எண் 197 (படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள்) இரண்டும். 197 ஏறினால் அன்றே டேட்டாவை நகலெடுங்கள்.

குறை: இது எஸ்எம்ஆர் (ட்ராக்குகளை மேலேற்றி எழுதும் முறை). ட்ராக்குகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால் நடுவில் ஒன்றைத் திருத்த அடுத்தவற்றையும் எழுத வேண்டும். ரெய்டில் (பல டிரைவ்களைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறை) கெட்ட டிரைவுக்குப் பதில் இதைப் போட்டு டேட்டாவை மறுபடி நிரப்பும் ரீபில்டில் கழுத்தறுக்கும்.