மூன்றாவது படலம்: மடிக்கும் போனோடு இரண்டு வருடம்

எண்ணூரில் இருக்கும் நண்பன் ஒரு லிங்க் அனுப்பி, “மச்சான், மடிக்கிற போன் விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?” என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று சாயங்காலம்தான் என் போனின் உள்திரைப் படலத்தை மூன்றாம் முறையாக மாற்றிவிட்டு வந்திருந்தேன். அவனுக்குப் போன பதிலை இங்கே எழுத முடியாது. கோபம் ஆறியிருக்கிறது, இப்போது எழுதுகிறேன்.

புத்தகம் போலத் திறக்கும் வகை. கேமரா, பேட்டரி பற்றியெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது திரைமேல் ஒட்டியே வரும் அந்தப் படலம் பற்றி மட்டும்தான்.

வாங்கிய ஏழாம் மாதம் மடிப்புக் கோட்டில் ஓர் அரிசி அளவுக்குக் குமிழி. பத்து நாளில் அது கோடு முழுக்க ஓடிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் வழக்கமாக டெம்பர் கண்ணாடி ஒட்டும் கடைக்குப் போனேன். பையன் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “இத உரிச்சா ஸ்கிரீனே போய்டும்ணா. நான் கை வைக்க மாட்டேன்.” அப்போது எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. 2019-இல் சாம்சங்கின் முதல் மடிப்பு போன் கைக்கு வந்த விமர்சகர்கள் சிலர், இது பேக்கிங் பிளாஸ்டிக் என்று நினைத்து மேல்படலத்தை உரித்துத் திரையைக் காலி செய்தார்கள். விற்பனையே சில மாதம் தள்ளிப்போனது. அடுத்த வருடம் மெல்லிய கண்ணாடி வந்தது, ஏறத்தாழ 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ. தலைமுடியில் பாதிகூட இருக்காது. அதற்கும் மேலே படலம் இருக்கத்தான் செய்கிறது.

சாதாரண டெம்பரை ஏன் ஒட்ட முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். தடிமனை வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால், மேற்பரப்பு எவ்வளவு நீள அல்லது சுருங்க வேண்டும் என்பது வரும். ஆரம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 மைக்ரான் கண்ணாடிக்கு 1 சதவீதம். 0.33 மி.மீ. டெம்பருக்கு 11 சதவீதம், அதாவது தூள். படலத்துக்கு வேறு விதமான தொல்லை. திரை உள்பக்கமாக மடிவதால், மூடும்போதெல்லாம் அது நசுங்குகிறது. தடித்த வாரப் பத்திரிகையை இரண்டாக மடித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் தாள்கள்தான் கசங்கி மேலே எழும்பும். குமிழி வருவதும் அப்படித்தான். அந்தக் கசங்கலைத் தாங்க டிபியூ என்ற மிருதுவான, ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் போட்டால் நகம் பட்டாலே தடம் விழுகிறது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற வழுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் போட்டால் மடிப்பு அப்படியே பதிந்துவிடுகிறது. இரண்டும் வேண்டும் என்றால் கிடைக்காது.

சர்வீஸ் சென்டரில் முதல் தடவை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை காசும் வாங்கி, “நகம் வளர்க்காதீங்க சார்” என்று அறிவுரையும் கொடுத்தார்கள். நான் துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன், நகம் வளர்க்க எனக்கு நேரம் ஏது?

நகத்தை விடுங்கள், இங்கே தூசுதான் பெரிய விஷயம். வீடு தண்டையார்பேட்டையில். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டை மாலைக்குள் கறுத்துவிடும். மோஸ் அளவுகோலில் மணலின் கடினம் 7, போன் கண்ணாடி 6 பக்கம், இந்தப் படலம் 2-லேயே கீறல் விழும். மூடிய போனுக்குள் ஒரே ஒரு மணல் மாட்டினால் போதும், பாக்கெட்டில் நடக்க நடக்க அது வேலையைக் காட்டிவிடும். தூசு, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சில போன்களில் ஐபி48 என்று போட்டிருப்பார்கள். அந்த 4 என்றால் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் பருமனானவை உள்ளே போகாது என்று அர்த்தம். 1 மி.மீ. இருந்தால் அதை எங்கள் பக்கம் தூசு என்று சொல்வதில்லை, ஜல்லி என்போம்.

பேக் கேஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு துண்டு, ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப். மே மாத வெயிலில் பசை இளகி, துறைமுக கேட்டில் பாஸ் காட்டும்போது பாதி கேஸ் கழன்று விழுந்தது. விளிம்பை உயர்த்தினால் போன் மூடாது, தாழ்த்தினால் காப்பு இல்லை. வடிவமைக்கிறவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. கீல் மேல் ஸ்பிரிங் மூடி வைத்த ஒன்றை வாங்கினேன், நன்றாகத்தான் இருந்தது. சட்டைப் பையில் செங்கல் வைத்த மாதிரி கனம், அவ்வளவுதான். இப்போது பின்பக்கத் துண்டு மட்டும் போட்டு, பழைய வேட்டித் துணியில் தைத்த உறைக்குள் வைக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. படலம் மாற்றப் போயிருந்த நான்கு நாளும் மனைவியின் பழைய போனில் பேக்கிங் லிஸ்ட் படித்தேன். ஒரு வரியைப் படிக்க நான்கு தடவை இழுக்க வேண்டியிருந்தது, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி. என் போனில் இன்வாய்ஸ் ஒரு பக்கம், பில் ஆஃப் என்ட்ரி என்ற கஸ்டம்ஸ் படிவம் ஒரு பக்கம், யார்டில் நின்றபடியே சரிபார்த்துவிடுவேன். அந்த நான்கு நாளில் கன்டெய்னர் நம்பர் ஒன்றைத் தவறாகப் படித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இந்த ஆசை வேண்டாம்.

நேற்று இரவு விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோட்டின் மேல் முனையில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது. நான்காவதுக்குக் காசு எடுத்து வைத்துவிட்டேன்.